சாவி யார் கையில்? ரோல்பிளே சர்வர்களின் தலைமைத் தகராறுகள் பற்றிக் கேள்வி பதில்

கோத்தகிரியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் மாடியில், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நீலகிரியின் பல ஊர்களிலிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி இணையத்தில் சேர்ந்து கதை நடத்தும் ரோல்பிளே ஆடுபவர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல் கூடியிருந்தோம். டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலியில் எழுத்து வழியே கதை நடத்தும் சர்வர்காரர்களும், ஜி.டி.ஏ. என்ற கணினி விளையாட்டைப் பலர் சேர்ந்து ஆட உதவும் ஃபைவ்எம் மென்பொருளின் 'சிட்டி'களில் (கற்பனை நகரங்களில்) போலீசாகவும் டாக்சி ஓட்டுநராகவும் வாழ்பவர்களும், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த பெற்றோர் சிலரும் அவர்களில் இருந்தார்கள். 2003ஆம் ஆண்டில் குன்னூர் பிரௌசிங் சென்டர் ஒன்றில் எழுத்து விளையாட்டு ஆடத் தொடங்கியவள் நான். 2008 முதல் சரித்திரக் கற்பனை ரோல்பிளே ஒன்றை நடத்தி வருவதால், சண்டைகளைத் தீர்த்த அனுபவமும் சண்டைக்குக் காரணமாக இருந்த அனுபவமும் எனக்கு ஏறக்குறைய சம அளவில் உண்டு. அன்று எழுந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதித் தருகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டு, ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

குன்னூர், கல்லூரி மாணவர்: அக்கா, எங்கள் சிட்டியைத் தொடங்கியவர் இப்போது மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. புதியவர்களைச் சேர்ப்பது, வைட்லிஸ்ட் நேர்காணல் (உள்ளே விடலாமா என்று பார்ப்பது), புகார், சம்பவங்கள் நடத்துவது எல்லாவற்றையும் நாங்கள் நான்கு அட்மின்கள்தான் செய்கிறோம். ஒரு விதியை மாற்றச் சொல்லிக் கேட்டபோது, "இது என் சர்வர், பிடிக்காதவர்கள் போகலாம்" என்று எழுதிவிட்டார். உண்மையில் சர்வர் யாருடையது?

சர்வர் என்று ஒரே சொல்லில் நாம் எத்தனை பொருள்களைச் சொல்கிறோம் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் சிட்டி ஓடுகிற கணினி வாடகைக்கு எடுக்கப்பட்டது. அந்த வாடகை ஒருவருடைய அட்டையிலிருந்து மாதாமாதம் போகிறது. ஃபைவ்எம் உரிமச் சாவி ஒருவருடைய கணக்கில் பதிவாகியிருக்கிறது. பாத்திரங்களின் பெயரும் பணமும் வீடும் வண்டியும் தங்கியிருக்கும் தரவுத்தளத்துக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. நீங்கள் எல்லோரும் பேசிக்கொள்ளும் டிஸ்கார்டில் ஓனர் என்பது ஒரே ஒரு கணக்குதான். அட்மின் அதிகாரத்தை எத்தனை பேருக்குக் கொடுத்திருந்தாலும் அவர்களால் ஓனரை வெளியேற்ற முடியாது, சர்வரை மொத்தமாக அழிக்கும் வசதி அவர் ஒருவருக்கே உண்டு, உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதும் அவர் மனம் வைத்தால்தான் நடக்கும். இந்த நான்கு சாவிகளும் அவர் கையில் இருக்குமானால், "என் சர்வர்" என்று அவர் சொல்வதில் பொய்யில்லை.

ஆனால் அந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தாலும் அது சிட்டி ஆகிவிடாது. மலையில் பிறந்தவர்களுக்குத் தேயிலையை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். ஃபேக்டரி ஒருவருடையது, கொழுந்து நூறு சிறு விவசாயிகளுடையது. ஃபேக்டரிக்காரர் எந்த நாளும் கதவைச் சாத்திக்கொள்ளலாம், ஆனால் கொழுந்து வராத ஃபேக்டரியில் துருப்பிடிக்கும் உருளைகளைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. அதே சமயம் கோபத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் விவசாயியாலும் வீட்டு முற்றத்தில் தூள் தயாரிக்க முடியாது; பறித்த கொழுந்து மறுநாள் வரை காத்திருக்காது என்பதால், அடுத்த ஃபேக்டரி எது என்று பறிப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய அளவில் இது நடந்ததற்கு ஃப்ரீநோட் நல்ல உதாரணம். அது விளையாட்டுக்கென்றே ஏற்பட்டதல்ல, ஐ.ஆர்.சி. என்ற பழைய உரையாடல் வலையமைப்பு. ஆயினும் தகராறின் அச்சு நம்முடையதுதான். பல ஆண்டுகளாக அதைச் சம்பளமின்றி நடத்திய தன்னார்வலர்களுக்கும், அதன் பெயரும் உடைமையும் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன தரப்புக்கும் 2021இல் மோதல் முற்றி, அந்த மே மாதத்தில் தன்னார்வலர்கள் மொத்தமாக விலகி லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். உபுண்டு இயங்குதளமும், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவும் உட்படப் பல திட்டங்கள் அவர்கள் பின்னால் போயின. பெயரும் கணினிகளும் பழைய இடத்திலேயே இருந்தன, ஆட்கள்தான் இல்லை. விலகியவர்கள் விலகும் நாளிலேயே புதிய இடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே உங்கள் நால்வருக்கும் என் யோசனை இது. முதலில் அவரிடம் ஒருமுறை குரல் அழைப்பில் பேசுங்கள். எழுத்தில் முரட்டுத்தனமாக இருப்பவர்கள் பலர் குரலில் அப்படி இருப்பதில்லை. விதியைப் பற்றிப் பேசாமல் சாவிகளைப் பற்றிப் பேசுங்கள்: தரவுத்தளத்தின் வாராந்தர நகல் இன்னும் ஒருவரிடம் இருக்க வேண்டும், வாடகைக் கணக்கு எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும், அவர் இல்லாத நாட்களில் யார் முடிவு செய்வது என்பது எழுதப்பட வேண்டும் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். மறுத்தால் விலகுங்கள். விலகும்போது தரவுத்தளத்தைத் திருட்டுத்தனமாக நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதில் மற்ற ஆட்டக்காரர்களின் விவரங்கள் இருக்கின்றன, அவர்கள் உங்களுக்கு அனுமதி தரவில்லை. ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் வரலாற்றைத் தாமே எழுதி எடுத்துக்கொண்டு வரலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உதகை, மென்பொருள் ஊழியர்: எங்கள் குழுவில் எழுதப்பட்ட விதிகள் மிகக் குறைவு. தலைவர் ஒவ்வொரு விவகாரத்தையும் பார்த்து நியாயமாகவே முடிவு செய்கிறார். விளையாட்டுக்குச் சட்டப் புத்தகம் தேவையா?

உதகையிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. ஸ்னூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் பிறந்தது என்பார்கள். ஆனால் அதன் விதிகள் எழுதப்பட்டு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் மாட்டப்பட்டது 1882இல். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்தச் சுவர் இருக்கிறது.

சுவரில் மாட்டுவதன் பயன் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருப்பவருக்குத்தான். வெல்பவருக்கும் நடுவருக்கும் விதி மனப்பாடமாக இருக்கும். தோற்பவர் கையை நீட்டிக் காட்டுவதற்கு ஒரு பலகை வேண்டும். உங்கள் தலைவர் நியாயமானவர் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் அவர் முடிவுகள் நியாயமானவை என்பதை அவரைப் பிடிக்காத ஒருவரால் சரிபார்க்க முடிகிறதா என்று யோசியுங்கள். நான் பார்த்த சர்வர்களில் பெரும்பாலானவற்றில் ஆட்டக்காரர்களுக்கு நாற்பது விதிகள் இருக்கும். காரணமின்றிச் சுட்டுக் கொல்லக் கூடாது, வண்டியை ஏற்றிக் கொல்லக் கூடாது, வெளியே கேட்டதைக் கதைக்குள் பயன்படுத்தும் மெட்டாகேமிங் கூடாது, எதிராளிக்கு வாய்ப்பே தராத பவர்கேமிங் கூடாது என்று நீளமாகப் போகும். அட்மின்களுக்கு ஒரு விதிகூட இருக்காது. நான் எழுதச் சொல்வது அந்தப் பகுதியைத்தான். அரைப் பக்கம் போதும்.

கூடலூர், எழுத்து ரோல்பிளே ஆடுபவர்: எங்கள் கதையில் மன்னராக ஆடுபவரே சர்வர் அட்மின். என் பாத்திரம் படைத்தலைவன். மூன்று மாதம் திட்டமிட்டு, கதைக்குள்ளேயே மூன்று நாயக்கர்களைச் சேர்த்துக்கொண்டு அரண்மனையைக் கைப்பற்றப் போகும் இரவில், "சர்வருக்கு எதிரான சதி" என்று என்னைத் தடை (பேன்) செய்துவிட்டார். என்மீது தவறு உண்டா?

நீங்கள் சொன்னபடியே நடந்திருந்தால் இல்லை. அவர் இரண்டு நாற்காலிகளில் ஒரே சமயத்தில் உட்கார்ந்திருக்கிறார். கதையில் மன்னருடைய சிம்மாசனம் ஆட்டத்தின் ஒரு பகுதி. அதைக் கவிழ்க்கத்தான் மற்றவர்கள் வருகிறார்கள். அட்மின் நாற்காலி ஆட்டத்துக்கு வெளியே இருப்பது. முதல் நாற்காலி ஆடும்போது இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் அது நாம் மேலே சொன்ன மெட்டாகேமிங்தான். செய்பவர் அட்மின் என்பதால் பெயர் மாறுவதில்லை.

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் இந்த இரண்டும் ஒரே கூட்டணிக்கு, இரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்தன. பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்பது அங்கே மிகப் பலம் பொருந்திய கூட்டணி. 2007இல், விளையாட்டை உருவாக்கும் ஐஸ்லாந்து நிறுவனமான சி.சி.பி.யின் ஊழியர் ஒருவர், தன் பணி அதிகாரத்தைப் பயன்படுத்தி அக்கூட்டணியைச் சேர்ந்த குழுவுக்கு, ஆட்டத்தில் பொருள்கள் தயாரிப்பதற்கான அரிய வரைபடங்களைக் கொடுத்தது வெளிவந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். தன் ஊழியர்களின் ஆட்டத்தைக் கண்காணிக்க நிறுவனம் உள்விசாரணைப் பிரிவை அமைத்தது. 2008 முதல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைச் சபையும் ஏற்பட்டது. பிறகு 2009 பிப்ரவரியில், அதே கூட்டணியின் நிர்வாகி ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து, தனக்குத் தரப்பட்டிருந்த அதிகாரத்தைக் கொண்டே கூட்டணியைக் கலைத்துவிட்டார். பல ஆண்டு உழைப்பு ஓர் இரவில் போயிற்று. ஆனால் நிறுவனம் அதைத் திருப்பித் தரவில்லை. அது ஆட்டத்தின் உள்ளேயே, ஆட்டம் கொடுத்த அதிகாரத்தால் நடந்த துரோகம். முதலாவது, வெளியிலிருந்து கை நீட்டியது.

உங்கள் சதி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அட்மின் செய்தது முதல் வகை. நாயக்கர்கள் மூவரும் இன்னும் உள்ளே இருந்தால் கதை என்ன ஆயிற்று என்று அறிய எனக்கும் ஆவல்தான்.

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு: ஒரு விவகாரத்தில் தன் பாத்திரத்துக்குப் பங்கு உள்ள அட்மின், அந்த விவகாரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூன்று பேர் மட்டுமே அட்மின்களாக இருக்கும் சிறிய சர்வரில் மூவருக்குமே பங்கு இருந்தால், நட்பான வேறொரு சர்வரின் அட்மினை அழைத்துக் கேட்பது வழக்கம்.

மஞ்சூர், அட்மினாக இருந்தவர்: ஆடி மழையில் மரம் விழுந்து எங்கள் பகுதியில் ஆறு நாள் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது "பொறுப்பற்று மறைந்துபோனார்" என்று அறிவிப்புப் போட்டு என்னை நீக்கியிருந்தார்கள். மற்ற அட்மின்கள் எல்லோரும் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள்.

குந்தாப் பக்கத்து மழையைச் சென்னைக்காரருக்கு விளக்குவது கடினம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியதைச் சொன்னால் அவர்கள் ஆண்டுக் கணக்கு என்று நினைப்பார்கள்.

ஆனாலும் அவர்கள் செய்ததில் பாதி சரி என்று நான் நினைக்கிறேன். ஆறு நாள் பதில் இல்லாத ஒருவரின் பொறுப்பை யாராவது எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். புகார்கள் காத்திருக்காது, அதோடு அட்மின் அதிகாரம் உள்ள ஒரு கணக்கு மௌனமாகிவிட்டால் அது களவு போயிருக்கலாம் என்று சந்தேகிப்பதும் முறைதான். தவறு, தற்காலிகமாகச் செய்ய வேண்டியதை நிரந்தரமாகச் செய்ததும், காரணம் தெரியாமலே குணத்தைப் பற்றி எழுதியதும். எங்கள் விதி இப்படி இருக்கிறது: முன்னறிவிப்பின்றி மூன்று நாள் வராவிட்டால் அதிகாரம் இடைநிறுத்தப்பட்டு இன்னொருவர் 'பொறுப்பு' வகிப்பார்; முப்பது நாளுக்குள் திரும்பி வந்தால், அடையாளம் சரிபார்த்து, கேள்வியின்றித் திருப்பித் தரப்படும். மலையில் இருப்பவர்கள் தம் பங்குக்கு, வெளியூர் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணைச் சக அட்மின் ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. நீங்கள் கேட்க வேண்டியது பதவியை அல்ல, அந்த அறிவிப்பின் திருத்தத்தை. பதவி அதன் பின்னால் தானாக வரும். வராவிட்டாலும் பெயர் மிஞ்சும்.

குன்னூர், ஆசிரியர்: எல்லா அட்மின்களையும் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல்கள் தீர்ந்துவிடாதா?

இதை நம்மைவிட மூத்தவர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். லாம்ப்டாமூ என்ற எழுத்து உலகத்தை பாவெல் கர்டிஸ் என்பவர் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் 1990இல் தொடங்கினார். அங்கே அட்மின்களுக்கு 'மந்திரவாதிகள்' என்று பெயர். ஆட்டக்காரர்களின் வழக்குகளைத் தீர்த்துக் களைத்துப்போன அவர்கள், 1992 டிசம்பரில், இனித் தொழில்நுட்ப வேலைகளை மட்டுமே பார்ப்போம், சமூக விவகாரங்களை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார்கள்.

சில மாதங்களில், ஓர் ஆட்டக்காரர் ஒரு நிரலைப் பயன்படுத்தி மற்றவர்களின் பாத்திரங்கள் தாமே ஆபாசமான செயல்களைச் செய்வதுபோல எல்லோர் முன்னும் எழுத்தில் காட்டினார். பாதிக்கப்பட்டவர்கள் கொதித்தெழுந்து கூட்டம் போட்டார்கள். மணிக்கணக்கில் பேசியும் கூட்டம் எந்த முடிவுக்கும் வரவில்லை. இறுதியில் ஒரு மந்திரவாதி, யாரிடமும் ஆணை பெறாமல், தானே அந்தக் கணக்கை நீக்கினார். அதன் பிறகு கர்டிஸ் மனுவும் வாக்கெடுப்பும் கொண்ட ஒரு முறையை உருவாக்கினார்: போதிய கையெழுத்துப் பெற்ற மனு வாக்கெடுப்புக்கு வரும், வென்றால் மந்திரவாதிகள் அதை நிறைவேற்றுவார்கள். அந்த ஏற்பாடும் நிற்கவில்லை. 1996 மே மாதத்தில் மந்திரவாதிகள், தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் பிரித்து வைக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, மீண்டும் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் படுவது இரண்டு. சாவி வைத்திருப்பவர் 'நான் வெறும் வாட்ச்மேன்' என்று சொல்லிக்கொண்டால், நெருக்கடி வரும்போது அவர் செய்வதும் அதிகாரம்தான், செய்யாமல் இருப்பதும் அதிகாரம்தான். ஆனால் அதற்கு அவரிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது போகிறது. இன்னொன்று, வாக்கு என்பது ஒருவருக்கு ஒன்று என்று இருந்தால்தான் வாக்கு. ஒரே ஆள் ஐந்து கணக்கு வைத்திருக்கும் இடத்தில், தேர்தல் முடிவு மின்னஞ்சல் முகவரி உருவாக்கும் பொறுமையைத்தான் அளக்கும். எனவே நான் பாதி வழியில் நிற்பவள்: சாவிகளை வைத்திருப்போர் நியமிக்கப்பட வேண்டும், புகார்களை விசாரிப்போர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். எங்கள் சர்வரில், மூன்று மாதம் தொடர்ந்து ஆடியவர்களுக்கு மட்டும் வாக்கு உண்டு. விசாரணைக் குழுவின் முடிவைச் சாவிக்காரர் நிறைவேற்ற மறுத்தால், அந்த மறுப்பையும் காரணத்தையும் எல்லோரும் பார்க்க எழுத வேண்டும். பதினேழு ஆண்டில் இரண்டு முறை நான் அப்படி எழுதியிருக்கிறேன். ஒருமுறை நான் செய்தது தவறு.

அரவங்காடு, சிட்டி ஆட்டக்காரர்: எங்கள் சிட்டியில் 'டொனேஷன்' என்று சொல்லி ஓனரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் வாங்குகிறார்கள். கொடுத்தால் ஆட்டத்தில் கார் கிடைக்கும். கணக்குக் கேட்ட என் நண்பரைக் கிக் செய்து வெளியேற்றிவிட்டார்கள்.

பணம் வாங்கும் நாளில் விளையாட்டுக் குழு வேறொன்றாக மாறிவிடுகிறது. பெரும்பாலான ஓனர்களுக்கு அது மாறிவிட்டது என்பதே தெரிவதில்லை. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். 2014இல் சர்வர் வாடகைக்காக நானே என் சொந்த வங்கிக் கணக்கில் ஐம்பது, நூறு என்று வாங்கினேன். ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ஆனால் நான்கு மாதம் கணக்கு எழுதிப் போடவில்லை, ஏனெனில் நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியுமே. ஐந்தாவது மாதம் ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, என்னைச் சந்தேகிக்கிறாரே என்று. அந்தக் கோபத்தில் அவரிடம் பேசிய பேச்சுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு கணக்கு எழுத உட்கார்ந்தபோது 640 ரூபாய் உதைத்தது. இரண்டு மாதம் வாடகையை நான் கையிலிருந்து போட்டதைக் குறிக்க மறந்திருந்தேன். எனக்குச் சாதகமான தவறுதான், ஆனால் அதை அப்போது யார் நம்புவார்கள்?

அன்று முதல் மாதத்தின் ஐந்தாம் தேதிக்குள் வரவு, செலவு, இருப்பு என்று மூன்று வரி போடுகிறோம். வாடகை ரசீதை, அட்டை எண்ணை மறைத்து, கூடவே வைக்கிறோம். இதற்கு மேல் பெரிய ஏற்பாடு எதுவும் சிறு சர்வருக்குத் தேவையில்லை. சேமிப்புத் தொகை சேரும் அளவுக்கு வளர்ந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

கார் விற்பதைப் பொறுத்தவரை, ஜி.டி.ஏ.வின் உரிமையாளரான ராக்ஸ்டார் நிறுவனம் ரோல்பிளே சர்வர்களுக்கான தன் கொள்கையை 2022 நவம்பரில் வெளியிட்டபோது, வணிகச் சுரண்டலையும், பணத்துக்கு அதிர்ஷ்டப் பெட்டிகள் விற்பதையும், கிரிப்டோ நாணயப் பயன்பாட்டையும் வெளிப்படையாகத் தடுத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஃபைவ்எம்மை நடத்திய குழுவையே அது தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆகவே உங்கள் ஓனர், தனக்குச் சொந்தமில்லாத வீட்டில் கடை போட்டிருக்கிறார். வீட்டுக்காரர் வந்தால் பணம் கொடுத்தவர்களின் காரும் போகும். உங்கள் நண்பர் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், பரிவர்த்தனை எண்களுடன் 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். தொகை சிறிது என்று தயங்க வேண்டாம்.

கோத்தகிரி, ஒரு தாய்: என் மகளுக்குப் பதினைந்து வயது. கதை எழுதுகிறாள் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன். அந்தக் குழுவின் நிர்வாகி ஒருவர், பெரிய ஆள், 'பாத்திரப் பயிற்சி' என்று தனிச் செய்தியில் பேசி, இப்போது புகைப்படம் கேட்கிறார். ஓனரிடம் சொன்னதற்கு, அவர் ஆரம்பகால உறுப்பினர், உள்ளே பேசித் தீர்த்துக்கொள்கிறோம் என்கிறார்.

அம்மா, இதைக் குழுவின் உள்ளே தீர்க்கக் கூடாது. இது தலைமைத் தகராறும் அல்ல. செய்திகளை அழிக்காதீர்கள், மகளையும் அழிக்க விடாதீர்கள், தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அந்த ஆளுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டாம், அவர் கணக்கை அழித்துவிட்டுப் போய்விடுவார். 1098 குழந்தைகள் உதவி எண், உள்ளூர்க் காவல் நிலையம், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் மூன்றில் எதை வேண்டுமானாலும் இன்றே அணுகலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்காமல் இருப்பதே 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி தண்டனைக்குரியது. அந்த ஓனருக்கு இந்த வரியை மட்டும் அனுப்புங்கள், புகார் கொடுத்த பிறகு. மகளிடம் கோபப்படாதீர்கள். அவள் உங்களிடம் சொன்னாள் அல்லவா.

எடப்பள்ளி, மாடரேட்டர் (சர்வரில் ஒழுங்கைப் பார்ப்பவர்): ஒரு மாடரேட்டர் தன் நண்பர்களின் தண்டனையை ரகசியமாக நீக்குகிறார் என்று ஸ்கிரீன்ஷாட்டுடன் புகார் வந்தது. அவர் அது போலி என்கிறார். எப்படி விசாரிப்பது?

ஸ்கிரீன்ஷாட் சாட்சியல்ல, சாட்சி இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மட்டுமே. பிரௌசரில் எந்தச் செய்தியின் எழுத்தையும் ஒரு நிமிடத்தில் மாற்றிப் படம் எடுக்கலாம் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதி செய்தே பார்த்திருக்கிறீர்கள். டிஸ்கார்டின் தணிக்கைப் பதிவில், யார் யாரைத் தடை செய்தார், யார் நீக்கினார் என்பது இருக்கும். ஆனால் 45 நாளுக்கு மேல் அது தங்காது. ஆகவே புகார் வந்த அன்றே அந்தப் பதிவை எடுத்துவைப்பது முதல் வேலை. யார் சொல்வது உண்மை என்ற விவாதம் இரண்டாவது. ஃபைவ்எம் சிட்டியானால் சர்வர் பதிவுகளும் இருக்கும், அவற்றையும் அன்றே நகலெடுங்கள்.

எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) ஊர்க்கூட்டம் நடக்கும்போது, வழக்குக்காரர் இருவரும் பேசி முடிக்கும்வரை ஊர்த் தலைவரான கவுடர் வாய் திறக்க மாட்டார். சிறுவயதில் அது எனக்குச் சலிப்பாக இருந்தது. விசாரிப்பவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், பிறகு பேசுபவர் எல்லோரும் அந்தக் கருத்தோடு பேசுகிறார்களே தவிர நடந்ததைப் பேசுவதில்லை என்பது சர்வர் நடத்தத் தொடங்கிய பிறகே புரிந்தது. எனவே குற்றம் சாட்டப்பட்ட மாடரேட்டரிடம் குற்றச்சாட்டை முழுமையாக எழுதிக் கொடுங்கள், பதில் எழுத மூன்று நாள் கொடுங்கள், அதுவரை அவர் அதிகாரத்தை நிறுத்தி வையுங்கள், நிறுத்தியதைத் தண்டனையாக அறிவிக்காதீர்கள். விசாரிப்பவர் இருவர் இருக்கட்டும். மேல்முறையீட்டைக் கேட்பவர் அந்த இருவரில் ஒருவராக இருக்க வேண்டாம். முடிவை வெளியிடும்போது, என்ன நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, என்ன தண்டனை என்ற மூன்றும் போதும். புகார் கொடுத்தவர் யார் என்பதும், தனிச் செய்திகளும் வெளியே வரக் கூடாது.

உதகை, சரித்திர ரோல்பிளே ஆடுபவர்: எங்கள் சர்வரில் அரச வம்சப் பெயர்களை வைத்து, உண்மையான சாதிப் பெருமை பேசுகிறார்கள். பதவிகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

சர்வரை விட்டு விலகுங்கள். பதவிகளே அந்த வரிசையில் போகும் இடத்தில் விசாரிக்கும் குழுவும் அந்த வரிசையில்தான் உட்காரும். எங்கள் கதையில் நாடுகளும் வம்சங்களும் எல்லாம் கற்பனைப் பெயர்கள்; தொடக்கத்தில் அது சோம்பேறித்தனம் என்று கேலி செய்தார்கள்.

எடப்பள்ளி, மீண்டும் அதே மாடரேட்டர்: அக்கா, நீங்கள் எப்போது விலகுவீர்கள்?

அரங்கில் சிரிப்பு எழுந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும், ஏனெனில் கேட்டவர் எங்கள் சர்வரிலேயே மாடரேட்டராக இருக்கும் பெண். நான்கு சாவிகளில் டிஸ்கார்ட் உரிமையைச் சென்ற சித்திரையில் அவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். வாடகைக் கணக்கு வெலிங்டனில் இருக்கும் இன்னொருவர் பெயருக்குப் போய்விட்டது. ஃபைவ்எம் உரிமச் சாவிக்குப் பதிலாக எங்களிடம் இருக்கும் இணையதளப் பெயரின் பதிவு, புதுப்பிக்கும்போது மாறும். தரவுத்தளக் கடவுச்சொல்லை அவர் தீபாவளியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். காப்புப் பிரதி சரிபார்க்க வேண்டும், பழைய அட்டவணைகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று நான் ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். குன்னூர் மாணவர் சொன்ன அந்த ஓனரிடம் கேட்டால் அவரும் இப்படிச் சில உண்மையான காரணங்களைச் சொல்லக்கூடும் என்று அப்போது தோன்றியது. கூட்டம் முடிந்து தேநீர் வந்தபோது, அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்து, வீட்டுக்குப் போனதும் மாற்றிவிடச் சொன்னேன். அன்றிரவே மாற்றிவிட்டார். புதியது என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.